இதய அறுவைக்குப் பின் மூளையைக் கவனிப்பது யார்?

புதுடில்லி: அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங்குக்கு 2009 ஜனவரி 24-ம் தேதி எய்ம்ஸ் மருத்துவமனையில் இரண்டாவது முறையாக பைபாஸ் அறுவைச் சிகிச்சை நடைபெற்றது. அதே ஆண்டு மே மாதம் அவர் மீண்டும் பிரதமராகப் பதவியேற்றார். எல்லோருக்கும் இப்படி அமைந்துவிடுவதில்லை.

அறுவையின்போது மகாதமனியைக் கிடுக்கியால் பிடிக்கையில், உட்சுவரில் படிந்த கொழுப்புத் துகள்கள் பெயர்ந்து மூளைக்குச் செல்லக்கூடும். விளைவு, பக்கவாதம். மிக அரிதாக, பார்வை நரம்புக்கு ரத்த ஓட்டம் குறைந்து பார்வையே பறிபோவதுண்டு. அமெரிக்காவில் 24 மருத்துவமனைகளில் பைபாஸ் செய்துகொண்ட 2,108 பேரைப் பற்றி 1996-ல் வெளியான ஆய்வில், 6.1 சதவீதத்தினருக்கு மூளை சார்ந்த பாதிப்பு காணப்பட்டது.

பிரதமரைச் சுற்றி நிபுணர்கள் இருந்தனர். சித்தூர் - திருப்பதி வழியில் உள்ள புத்தலப்பட்டில் அப்படியா? அறுவைக்கு திருப்பதி ஸ்விம்ஸ், வேலூர் சி.எம்.சி. இருக்கின்றன, 2007-ல் தொடங்கிய ஆரோக்கியஸ்ரீ திட்டம் ஏழைகளுக்கும் அதை எட்டச் செய்தது. ஊர் திரும்பியபின் கவனிப்பவர் மனைவியோ, மகனோதான். சில்லறை எண்ணத் தடுமாறுவதும், பெயர்களை மறப்பதும் பெரும்பாலும் சில மாதங்களில் சீராகும். வாய் கோணுதல், பேச்சுக் குழறல், கை தளர்தல் அப்படியல்ல. உடனே மருத்துவமனை சேர வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில், மாத்திரைப் பட்டியலுக்கு மேலே, தெலுங்கிலும் தமிழிலும் இதை எழுதித் தர அரசாணை எதுவும் தேவையில்லை.