ஏரிச் சேறும் நிக்கல் அணுவும்

1920-களில் மாம்பலத்து நீண்ட ஏரியைத் தூர்த்து எழுப்பியதுதான் தியாகராய நகர். மேற்கு மாம்பலத்து லேக் வியூ ரோடு அதற்குச் சாட்சி. அந்த ஏரிச் சேற்றை அன்று யாராவது கம்பால் கிளறியிருந்தால் குமிழ் குமிழாக வாயு கிளம்பியிருக்கும். இத்தாலியின் மாஜோரே ஏரியில் 1776-ல் வோல்ட்டா அப்படித்தான் பிடித்தார்; கொளுத்தினார், எரிந்தது. மீத்தேன்.

அதை உண்டாக்குபவை பாக்டீரியா அல்ல, ஆர்க்கியா என்ற தனி வம்சம் என்று 1977-ல்தான் தெரிந்தது. அந்த ஆய்வில் பங்கேற்ற இல்லினாய் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் ரால்ஃப் வுல்ஃபுக்கு வேறொரு பித்தும் இருந்தது: இந்த உயிர்களின் நொதிகள். அவர் ஆய்வகத்தில் ஒரு மஞ்சள் பொருள் சிக்கியது. 430 நானோமீட்டர் ஒளியை விழுங்கியதால் எஃப்430 என்று பெயர். ரத்தச் சிவப்பில் இரும்பு, இலைப் பச்சையில் மெக்னீசியம். அதே குடும்பத்து வளையமான இதன் நடுவில் நிக்கல் இருப்பதை ஜெர்மனியில் ரோல்ஃப் தவுவர் குழு கண்டுபிடித்தது.

இந்த வளையத்தைச் சுமக்கும் நொதி, மெத்தில் கோஎன்சைம் எம் ரிடக்டேஸ். மாட்டு வயிறோ, நெல் வயலோ, சாண எரிவாயுக் கலனோ, ஆர்க்கியா மீத்தேன் உண்டாக்கும் கடைசிப் படி இதன் வேலை. கந்தகத்தோடு ஒட்டியிருக்கும் மெத்தில் என்ற அணுத்தொகுதியைப் பிய்த்து ஹைட்ரஜன் சேர்த்துவிடும். நிக்கல் ஒரு குறுகிய சுரங்கத்தின் அடியில் பதுங்கியிருப்பதை 1997-ல் எக்ஸ்ரே படம் காட்டியது. துளி ஆக்சிஜன் பட்டாலும் நொதி செயலிழந்துவிடும். அதனால் காற்றுப் புகாத பெட்டிக்குள் கையுறை வழியாகக் கைவிட்டுத்தான் ஆராய்ச்சி. பலருக்கு வருஷக் கணக்கில் கிடைத்ததெல்லாம் செத்த நொதிதான்! மெத்தில் நேராக நிக்கலில் ஒட்டுகிறதா, ஒரு கணம் தனித்து அலைகிறதா என்று நெடுநாள் வழக்கு. தனித்து அலைகிறது என்பதற்கு 2016-ல் மிச்சிகனில் ஸ்டீபன் ராக்ஸ்டேல் குழு வலுவான சான்று தந்தது.

மாட்டு ஏப்பத்து மீத்தேனைக் குறைக்க, அந்தச் சுரங்கத்தில் புகுந்து நிக்கலை முடக்கும் ஒரு சேர்மத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் கறவை மாட்டுத் தீவனத்துக்கு அனுமதித்தது. நமக்கு நேர் எதிர்த் தேவையும் உண்டு. கோயம்பேட்டில் தினம் 30 டன் காய்கறிக் கழிவிலிருந்து மின்சாரம் எடுக்க பிளான்ட் கட்டினார்கள். பெருங்குடிக் கழிவுநீர் நிலையத்திலும் இதே வாயுவில் எஞ்சின் ஓடுகிறது. இத்தகைய கலன்களில் அமிலம் ஏறினால் முதலில் படுத்துவிடுவது ஆர்க்கியாதான். உணவுக் கழிவு மட்டுமே போடும் கலனில் வாயு குறைந்தால், சில இடங்களில் துளியளவு நிக்கல் உப்பு கலக்கிறார்கள்.