சங்க வண்டியின் பிரேக்கு: சிக்கனம் எது? ஆபத்து எது?

தாளவாடி மேட்டு நிலத்தில் விளையும் காய்கறி சத்தியமங்கலத்துச் சந்தையை அடைய வேண்டுமாயின், திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்தாக வேண்டும். பாரம் நிறைந்த பிக்கப் வண்டி ஒன்று வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குமாயின், லைனிங் அளவு மீறிச் சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். மிதி கட்டை கெட்டியாகவே இருக்கும், வண்டியோ நிற்காது. மலையில் நேர்வது சமவெளியில் நேராது என்று எண்ணுதல் தவறு. பாரம் இரு மடங்கானால் பிரேக்கின் வேலையும் இரு மடங்காகும்; வேகம் இரு மடங்கானாலோ நான்கு மடங்காகும்.

இன்று நெசவாளர் சங்கங்களும் விவசாயிகள் சங்கங்களும் சொந்த வண்டி வைத்திருக்கின்றன. பிரேக்குச் சாமான் தேய்ந்தால் விலைப்புள்ளிகள் கோரி, குறைந்த விலைக்குக் கொடுப்பவரிடம் வாங்குவது பழக்கம். பழக்கம் நல்லதே. ஆனால், பாவு ஓட்டும் நெசவாளர் விலையை மட்டும் கேட்டு நூல் வாங்குகிறாரா? நம்பரைக் கேட்கிறார், முறுக்கைப் பார்க்கிறார். அந்தக் கவனம் இங்கும் வேண்டும். இன்ன தரம் என்று எழுதாமல் கோரும் விலைப்புள்ளிகளை ஒன்றோடொன்று ஒப்பிட இயலாது.

எழுதிக் கேட்க வேண்டியவை

வண்டியின் மாடல், ஆண்டு, சேஸிஸ் எண், சாமானின் பாக எண், முன்சக்கரமா பின்சக்கரமா என்பவற்றைத் தெளிவாகக் குறிப்பிடுக. லைனிங்கின் விளிம்பில் ஈரெழுத்துக் குறி ஒன்றைப் பல தயாரிப்பாளர்கள் அச்சிடுவர். முதலெழுத்து சாதாரணச் சூட்டிலும், இரண்டாவது மிகுந்த சூட்டிலும் உள்ள பிடிப்பைக் காட்டும். ‘எஃப்’ என்றால் உராய்வெண் 0.35 முதல் 0.45 வரை, ‘ஈ’ என்றால் 0.25 முதல் 0.35 வரை. இரண்டாம் எழுத்து ‘ஈ’யாக இருப்பின், சூட்டில் பிடிப்பு தளரும் என்று பொருள். எனினும் இக்குறி தேய்மானத்தைப் பற்றி ஒன்றும் கூறாது. ஆகவே வண்டித் தயாரிப்பாளர் விதித்த தரமே முதன்மையானது.

கல்நார் கலவாத லைனிங்கையே கேளுங்கள். கல்நார்த் தூசி நுரையீரலிற் புற்றுநோய் விளைவிப்பது. பழைய டிரம்மைக் காற்றடித்துச் சுத்தம் செய்யும் வழக்கத்தை மெக்கானிக் கைவிட்டு, ஈரத்துணியால் துடைக்கட்டும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

ஒரு சக்கரத்திற்கு மட்டும் மாற்றுதல் கூடாது. ஒரே அச்சின் இரு சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்றவேண்டும். இன்றேல் பிரேக்கு மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். வீல் சிலிண்டரில் ஒழுகல் இருக்குமாயின் அதை முதலில் நிறுத்துக. எண்ணெய் பட்ட புது லைனிங் வீணே. டிரம்மிலோ டிஸ்க்கிலோ பொறித்துள்ள எல்லையளவைக் கடந்து தேய்ந்திருந்தால், கடைந்து சரிசெய்யாமல் புதியதே வாங்குக.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் இவ்வெல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4 வகைக்கு இவ்வெண்கள் முறையே 230, 155. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிறையும். மிதி கட்டை அடிவரை இறங்கும். ஆதலால் கையேடு கூறும் வகையையே, அது கூறும் கால அளவில் மாற்றுக. திறந்து வைத்த பழைய டப்பாவை உபயோகிக்க வேண்டாம்.

புதிய லைனிங் டிரம்மோடு பொருந்திப் படிவதற்குச் சிறிது காலமாகும். அதுவரை நிறைபாரம் ஏற்றாமலிருப்பது நலம். மலையிறக்கத்தில் ஏறும் கியரிலேயே இறங்குவது எத்தகைய பிரேக்குக்கும் துணையாகும்.

மீதப்படும் சில நூறு ரூபாய் சங்கக் கணக்கில் வரவாகத் தோன்றும். ஆனால் அவ்வண்டியை ஓட்டுபவர் நம் அங்கத்தினர் ஒருவரின் மகனாக இருக்கலாம்; எதிரே பள்ளிக்குச் செல்பவை நம் குழந்தைகளாக இருக்கலாம். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில், பிரேக்குச் சாமான்களைத் தரம் குறித்தே, ரசீதுடனேயே வாங்குவதென்று தீர்மானம் இயற்றுங்கள். அதுவே மெய்யான சிக்கனம்.