மொட்டை போட்ட முடி எங்கே போகிறது?

பழனியிலோ திருப்பதியிலோ மொட்டை போட்டு, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வந்துவிடுகிறோம். நாம் கொடுத்த முடி என்ன ஆகிறது?

முதலில், முடியை ஏன் கொடுக்கிறோம்? அழகென்று நாம் போற்றுவதைச் சாமிக்கு விட்டுக்கொடுப்பதுதான் காணிக்கை. பிள்ளைக்கு முதல் மொட்டை, நோய் தீர்ந்தால் மொட்டை என்று வேண்டிக்கொள்கிறோம். முழு மொட்டை வேண்டாத பெண்கள் கொஞ்சம் மட்டும் வெட்டிப் பூமுடி கொடுப்பதுண்டு.

கோயில் அதை விற்கிறதா? ஆம். திருமலையில் தேவஸ்தானம் முடியை நீளவாரியாகப் பிரித்து இணையவழியில் ஏலம் விடுகிறது. தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் முடி சேகரிக்கும் உரிமை ஏலம் போகிறது. பணம் கோயில் கணக்கில் சேர்கிறது.

வாங்குகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? நீள முடி சவுரியாகவும் விக் ஆகவும் வெளிநாடுகளுக்குப் போகிறது. குட்டை முடியிலிருந்து சிஸ்டீன் (புரதத்தின் ஒரு கூறு) எடுக்கலாம். ரொட்டி மாவை இளக்க அது பயன்படும். மனித முடியிலிருந்து எடுத்ததை உணவில் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை.

கோயில் முடிக்கு ஏன் நல்ல விலை? முடியின் மேல் கூரை ஓடுகள்போல் மெல்லிய செதில்கள் (கியூட்டிக்கிள்) நுனியை நோக்கிப் படிந்திருக்கின்றன. கத்தையாகக் கட்டி மழித்த முடியில் இவை ஒரே திசையில் இருக்கும். சீப்பில் சிக்கிய முடியில் திசை கலந்துபோவதால் எளிதில் சிக்கு விழும், விலையும் குறையும்.

கடல் கடந்தாலும் காணிக்கை என்ற பொருள் முடியை விட்டுப் போவதில்லை. வேற்றுத் தெய்வ வழிபாட்டில் படைத்ததைப் பயன்படுத்த யூத மதம் தடை விதிக்கிறது. அதனால் 2004இல் யூத மதகுரு ஒருவர் இந்தியக் கோயில் முடியாலான விக்குகள் கூடாதென்றார். நியூயார்க்கின் புரூக்ளினில் யூதப் பெண்கள் தங்கள் விக்குகளைத் தெருவில் எரித்தார்கள்.

கோயிலுக்கு அல்லாமல், புற்றுநோயாளிகளுக்கு முடி கொடுக்க முடியுமா? முடியும். கீமோதெரபியால் (புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை) முடி கொட்டியவர்களுக்கு விக் செய்து தரும் அமைப்புகள் உண்டு. ஒரு விக்குக்குப் பலருடைய முடி வேண்டும், ஆகவே நீங்கள் கொடுப்பது சிறிதென்று தயங்காதீர்கள்.

எவ்வளவு நீளம் வேண்டும்? பெரும்பாலும் 10 முதல் 12 அங்குலம் கேட்பார்கள். சாயம் பூசிய முடியைச் சிலர் ஏற்பதில்லை. வெட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்படி வெட்டுவது? எண்ணெய் போகத் தலைக்குக் குளித்து, நன்றாக உலர விடுங்கள். ஈரமாகக் கட்டிவைத்தால் பூஞ்சை பிடிக்கும். பின்னிக்கொண்டு, மேலும் கீழும் ரப்பர் பேண்டு போடுங்கள். மேல் பேண்டுக்குச் சற்று மேலே, தலைப்பக்கமாக வெட்டச் சொல்லுங்கள். தரையில் விழுந்து கலைந்த முடி விக்குக்கு உதவாது.

சாமிக்கு நேர்ந்த முடியைத் தானம் செய்யலாமா? நேர்த்திக்கடன் முடி கோயிலுக்கே சேரட்டும். வேண்டுதல் எதுவுமில்லாமல் முடியைக் குறைக்க நினைக்கும்போது, பார்லருக்குப் போகுமுன் அளந்து பாருங்கள். நீளம் போதுமென்றால் அதை ஒரு நோயாளிக்குக் கொடுங்கள்.