கோலா பாட்டிலில் வசவு! கரன்சி நோட்டில் கொலைக் கேள்வி!!
ராணுவ ஆட்சிக்குத் தண்ணி காட்டிய பிரேசில் கலைஞர்

கரன்சி நோட்டில் யாரோ கிறுக்கியிருந்தால் கடைக்காரர் முகத்தைச் சுளிப்பார். ஆனாலும் வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொள்வார். காசு ஆச்சே!

இந்தச் சின்ன விஷயத்தை வைத்துக்கொண்டு ஒரு சர்க்காரையே கேலி செய்தவர், பிரேசில் நாட்டுக் கலைஞர் சில்டோ மெய்ரெலஸ்.

பிரேசிலில் 1964-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1985 வரை அதன் ராஜ்யம்தான். பத்திரிகை, நாடகம், பாட்டு எல்லாவற்றுக்கும் தணிக்கை. ராணுவத்துக்கு அமெரிக்காவின் ஆதரவு வேறு.

காலி பாட்டில்

1970-ல் மெய்ரெலஸ் 22 வயது வாலிபர். அப்போது கோகோ கோலா குடித்தால் காலி பாட்டிலைத் திருப்பித் தரவேண்டும். கம்பெனி அதில் மறுபடி கோலா நிரப்பிக் கடைக்கு அனுப்பும்.

மெய்ரெலஸ் சில காலி பாட்டில்களில் "யாங்கிகளே, ஊருக்குப் போங்கள்!" என்று வெள்ளை எழுத்தில் அச்சடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பாட்டில் காலியாக இருக்கும்வரை எழுத்து சரியாகத் தெரியாது. கறுப்புக் கோலா நிரம்பியதும் பளிச்! திட்டும் அமெரிக்காவுக்கு, விநியோகச் செலவும் அமெரிக்கக் கம்பெனிக்கு!

கொன்றது யார்?

பாட்டில் விளையாட்டு. நோட்டு விளையாட்டு அல்ல.

1975 அக்டோபர் 25. சாவ் பாலோ நகரில் விளாடிமிர் ஹெர்சோக் என்ற பத்திரிகையாளர், ராணுவம் விசாரணைக்குக் கூப்பிட்டதால் தானாகவே போனார். அன்றே பிணமானார். "தூக்குப்போட்டுச் செத்துவிட்டார்" என்றது ராணுவம். படமும் வெளியானது. அதில் பிணத்தின் கால்கள் மடங்கித் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன!

பத்திரிகையில் கேட்க முடியாத கேள்வியை மெய்ரெலஸ் ரப்பர் ஸ்டாம்பு ஆக்கினார். "ஹெர்சோகைக் கொன்றது யார்?" நாட்டின் குருசேரோ நோட்டுகளில் குத்திப் புழக்கத்தில் விட்டார். கையில் வைத்திருக்கப் பயம். கிழித்துப்போடவோ யாருக்கு மனசு வரும்? அடுத்தவர் கையில் தள்ளிவிட வேண்டியதுதான்.

அதோடு விடவில்லை. "பூஜ்யம் குருசேரோ" என்று ஒரு நோட்டையே அச்சடித்தார். பெரிய மனிதர் படம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பழங்குடி மனிதர். பின்பக்கம் மனநோய் விடுதியில் அடைபட்ட ஒருவர். நாடு யாரைப் பூஜ்யமாக மதித்ததோ, அவர்கள்!

அந்த பாட்டில்களில் சில இப்போது லண்டன் டேட் மியூசியத்தின் சொத்து. மதிப்பு ஏறிவிட்டது, ஆனால் கைமாறுவது நின்றுபோச்சு.

ஹெர்சோக்கின் மரணச் சான்றிதழ் 2013-ல் கோர்ட்டு உத்தரவுப்படி திருத்தப்பட்டது. ராணுவ விசாரணைக் கூடத்தில் பட்ட காயங்களாலும் கொடுமைகளாலும் இறந்தார் என்று, 37 வருஷம் கழித்து எழுதிக்கொடுத்தார்கள்.