உங்கள் வீட்டில் என்ன உப்பு?

தூத்துக்குடியில் உணவியல் நிபுணராக இருக்கிறேன். தைராய்டு என்று தெரிந்து என்னிடம் வரும் பெண்கள் உட்கார்ந்ததுமே, "இனிமே கோஸ், காலிஃபிளவர் தொடவே கூடாதாமே மேடம்?" என்று கேட்பார்கள். நான் பதில் சொல்வதற்கு முன், வீட்டில் என்ன உப்பு போடுகிறார்கள் என்று விசாரிப்பேன். "அளத்து உப்புதான் மேடம், நல்ல கல்லுப்பு. கடல் உப்புல அயோடின் தானா இருக்குமே" என்பார்கள்.

எங்கள் ஊரில் ஊறிப்போன நம்பிக்கை இது. சுற்றிலும் உப்பளம், உறவில் யாராவது ஒருவர் அளத்து வேலை பார்ப்பார், வீட்டுக்கு உப்பு வந்துவிடும். ஆனால் ஒரு லிட்டர் கடல்நீரில் அயோடின் சுமார் 50 மைக்ரோகிராம்தான். பாத்தியில் தண்ணீர் வற்றி உப்பு விளையும்போது அதிலும் பெரும்பகுதி உப்போடு சேர்ந்து வருவதில்லை. கூடுதல் விலை கொடுத்து வாங்கும் இந்துப்பிலும் அயோடினை நம்பியிருக்க முடியாது. தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. அயோடின் சேர்த்த கல்லுப்பும் கடைகளில் கிடைக்கிறது. பாக்கெட்டில் சிரிக்கும் சூரியன் படம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதை நான் விடாமல் கேட்பதற்குக் காரணம் உண்டு. கழுத்தின் முன்பக்கம் இருக்கும் தைராய்டு சுரப்பி தைராக்சின் என்ற ஹார்மோனைச் செய்கிறது. அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் 4 அயோடின் அணுக்கள் இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும், கர்ப்பிணிகளுக்கு 250. ஒரு கடுகு அளவுகூடக் கிடையாது. அது கிடைக்காமல் போனால் கழுத்தில் கழலை வருகிறது, வயிற்றில் இருக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படுகிறது.

1956-இல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி தலைமையிலான குழு இமாசலப் பிரதேசத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் ஓர் ஆய்வைத் தொடங்கியது. சில பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பு, ஒரு பகுதிக்குச் சாதா உப்பு. சில ஆண்டுகளில் அயோடின் உப்பு சாப்பிட்ட பிள்ளைகளிடம் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-இல் வந்த தேசியத் திட்டத்துக்கு அடித்தளம் அதுதான். நம் நாட்டுப் பொதுச் சுகாதாரத்தில் இவ்வளவு மலிவாக, இவ்வளவு பேரைக் காப்பாற்றிய வேலை வேறு அதிகமில்லை என்பேன். அதற்காக உப்பை அள்ளிப் போட வேண்டாம். நாளுக்கு 5 கிராமுக்குள் நிறுத்திக்கொண்டு, மீதி அயோடினைப் பால், தயிர், முட்டை, கடல் மீனில் எடுங்கள். கடற்பாசி மாத்திரைகளும் வேண்டாம். அயோடின் மிகுந்தாலும் தைராய்டு கெடும்.

இப்போது கோஸுக்கு வருகிறேன். கோஸ், முள்ளங்கி, மரவள்ளி, கம்பு ஆகியவற்றில் தைராய்டின் வேலையைத் தடுக்கும் பொருட்கள் இருப்பது உண்மை. சூடானின் டார்ஃபூரில் கம்பையே முழு உணவாக நம்பி, அயோடினும் இல்லாமல் வாழ்ந்த மக்களிடம் கழலை மிகுதியாக இருந்தது. நம் வீட்டில் வாரம் இரண்டு நாள் கோஸ் பொரியலும் ஒரு வேளை கம்பங்கூழும் அப்படியல்ல. வேகவைத்தாலே கோஸின் அந்தக் குணம் பெரிதும் அடங்கிவிடும். அதைப் பச்சையாக அரைத்து தினமும் குடிப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். சத்தான காய்களை ஒவ்வொன்றாக ஒதுக்கிவிட்டு ரசஞ்சோறோடு முடித்துக்கொள்ளும் பெண்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. ஏற்கெனவே இரத்தசோகை இருக்கும் உடம்பு அவர்களுடையது. தைராக்சினைச் செய்யும் நொதிக்கு இரும்புச்சத்து வேண்டும்; அது குறைந்தால் அயோடின் இருந்தும் முழுப் பலன் இல்லை. முருங்கைக்கீரை, சுண்டல், கூடவே ஒரு நெல்லிக்காய் என்று சாப்பிடச் சொல்கிறேன். அசைவம் சாப்பிடுகிறவர்கள் ஈரலும் சேர்க்கலாம்.

ஆனால் நம் நகரங்களில் தைராய்டு குறைவு வருகிறவர்களில் பலருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குகிறது. அதை எந்த உணவும் சரிசெய்யாது, மாத்திரைதான் வேண்டும். உணவு அங்கே வேறு விதத்தில் குறுக்கே வருகிறது. மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும். காபியோடு விழுங்கினால் மருந்து சரியாக உடம்பில் சேராது. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரமாவது பொறுங்கள். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். முடி வளர பயோட்டின் மாத்திரை எடுக்கிறவர்கள், இரத்தப் பரிசோதனைக்கு முன் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். முடிவையே அது மாற்றிக் காட்டும்.

முடிவு சரியாக வந்துவிட்டது என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். கருத்தரித்தது தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு அப்போது மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.