‘ஆர்டர்’ என்னும் ஆங்கிலச் சொல்: பொருண்மை விரிவும் தமிழாக்கமும்

ஒழுங்கமைவைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களுள் பெருவழக்கினது ‘ஆர்டர்’. வரிசை, ஒழுங்கு, ஆணை, துறவியர் சபை, பொருள் அனுப்புமாறு வணிகரிடம் விடுக்கும் வேண்டுகை எனத் தம்முள் தொடர்பற்றனபோல் தோன்றும் பொருள்களை அது தருகிறது. இவை ஒரு மூலத்தினின்று கிளைத்தவை. அக்கிளைப்பை அறிதல் பொருத்தமான தமிழாக்கத்திற்குத் துணைபுரியும்.

இச்சொல்லின் மூலம் ‘ஓர்டோ’ என்னும் இலத்தீன் சொல்லாகும். வரிசை, நிரல் என்பன அதன் பொருள். அதனோடு உறவுடையதாகக் கருதப்படும் ‘ஓர்டிரி’ என்னும் வினை, நெசவிற்குப் பாவு இடுதலையும் தொடங்குதலையும் குறிக்கும். ஆதலின், பாவில் நிரலாக அமையும் இழைகளையே சொற்பிறப்பாய்வாளர் முதற்பொருளாகக் கொள்வர். உரோமானியர் படைநிரலையும், செனட்டர், குதிரைவீரர் முதலிய சமூகப் படிநிலைகளையும் இச்சொல்லால் சுட்டினர்.

பழைய பிரெஞ்சு மொழி வழியாக 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துள் புகுந்தபோது, ஒரே ஒழுகலாற்றின்கீழ் வாழும் துறவியர் சபையை அது குறித்தது. நிரலில் நிற்றலைக் குறித்த சொல், நிரல்படுத்துதலையும் குறிக்கலாயிற்று. ஒழுங்குபடுத்தும் அதிகாரத்திலிருந்து ‘ஆணை’ என்னும் பொருள் 16ஆம் நூற்றாண்டில் கிளைத்தது. வணிக வேண்டுகை அதன்பின் வந்தது. 1735இல் லின்னேயஸ் வெளியிட்ட ‘சிஸ்டமா நேச்சுரே’ நூலில் ‘ஓர்டோ’ என்பது வகுப்புக்கும் பேரினத்துக்கும் இடைப்பட்ட வகைப்பாட்டு நிலையாயிற்று. ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தில் அமைதல் என்னும் கருத்து இவற்றை இணைக்கிறது.

தமிழ் இப்பொருள்களைத் தனித்தனிச் சொற்களால் உணர்த்துகிறது. அகரவரிசை, சட்டம் ஒழுங்கு, நீதிமன்ற ஆணை, துறவற சபை என்பன சான்றுகள். பேச்சுத் தமிழில் கடனாக வந்த ‘ஆர்டர்’ பெரும்பாலும் அலுவலக ஆணை, கடை, உணவகம் ஆகிய சூழல்களில் வழங்குகிறது. இக்குறுகிய வழக்கைக் கொண்டு ஆங்கிலத் தொடர்களை நோக்கின் பிழை நேரும். அவையில் எழுப்பப்படும் ‘பாயின்ட் ஆஃப் ஆர்டர்’ ஆணை பற்றியதன்று. அவை விதிகள் பற்றியது. ஆகவே ‘ஒழுங்குப் பிரச்சினை’ என்னும் தமிழாக்கம் பொருந்துகிறது. ‘இன் ஆர்டர் டு’ என்னும் தொடருக்கோ ‘பொருட்டு’ என்பதே போதும். ஒழுங்கு, ஆணை ஆகிய இரண்டும் அங்கு வேண்டா.

மறுதலையாக, ‘சீர்வரிசை’ என்பதிலுள்ள ‘வரிசை’ சிறப்பையும் நன்கொடையையும் உணர்த்தும். அப்பொருளை ‘ஆர்டர்’ தாராது. எனவே, இருமொழி அகராதிகள் நிகர்ச்சொற்களை நிரல்படத் தொகுப்பதோடு அமையாது, ஒவ்வொரு பொருட்கிளைக்கும் உரிய சூழலையும் தருதல் வேண்டும்.