மாளிகைமேடு: சோழர் அரண்மனை இருந்த இடம்

கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் உயரத்தைப் பார்த்துவிட்டு வருகிறீர்கள். இங்கே கண்ணில் படுவது இடுப்பளவுகூட எழாத செங்கல் சுவர்கள். முதலாம் இராஜேந்திர சோழனின் அரண்மனையில் எஞ்சியவை இவையே. ஏறத்தாழ 250 ஆண்டுகள் இந்த ஊர்தான் சோழர் தலைநகரம்.

இறைவனுக்குக் கருங்கல்லில் கோயில் எடுத்தவர்கள், தாங்கள் குடியிருக்கச் செங்கல்லும் மரமுமே போதும் என்றிருந்தார்கள். கருங்கல் பீடங்களில் மரத்தூண்கள். மேலே சிறு சுட்டமண் ஓடுகள். மரம் மட்கியது. செங்கல்லை ஊர் மக்கள் வீடு கட்டப் பெயர்த்தெடுத்தார்கள். கோயிலும் தப்பவில்லை: 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட அதன் மதில் கற்கள் போயின.

1980-களில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இந்த மேட்டை அகழத் தொடங்கியது. கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் குவியலாகக் கிடைத்தன. கூடவே சீனப் பீங்கான் துண்டுகள்! கடல் கடந்து வந்த கலம், கடற்கரையே இல்லாத இந்த ஊரில் புழங்கியிருக்கிறது.

சுவர்கள்மேல் ஏறாதீர்கள். மழைக்குப் பின் ஓட்டுச்சில்லு ஏதும் தென்பட்டால் கையில் எடுக்காமல் காவலரிடம் காட்டுங்கள். கிடந்த இடம் தெரிந்தால்தான் அதன் காலத்தைக் கணிக்க முடியும்.